பதினேழாம் கிணற்றின் சராசரி

போன மாதம் ஒரு புதன்கிழமை, நான் வேலை பார்த்த நிலத்தடி நீர் அளவை அலுவலகத்திலிருந்து ஒரு உதவிப் பொறியாளர் செவிலிமேட்டில் என் வீட்டுக்கு வந்தார். பெயர் நித்யா. முப்பத்தைந்து வயதிருக்கும். வாசற்படியிலிருந்து கூடத்து நாற்காலிக்கு ஒன்பது அடி. அவர் நான்காவது அடியில்தான் செருப்பைக் கழற்றினார். அந்த நான்கு அடிக்கும் மண். ஐந்து பிஸ்கட் வைத்தேன், ஒன்றைக்கூடத் தொடவில்லை. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

மடிக்கணினியைத் திறந்து என் பக்கம் திருப்பினார். பழைய அளவைப் புத்தகங்களை எல்லாம் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். இருபத்திரண்டு கிணறுகள், இருபத்திரண்டு வரிகள். அதில் ஒரு வரி மட்டும் சிவப்பாக இருந்தது.

"சார், பதினேழாம் நம்பர் கெணறு. பதினோரு வருஷம், மாசா மாசம், மத்த கெணத்தோட சராசரி என்னவோ அதேதான் இதோட அளவும். பாயிண்ட்டுக்கு அப்புறம் ரெண்டு எண் வரைக்கும் அப்படியே பொருந்துது. எப்படி சார்?"

"யாராவது குந்திக்கினு எழுதியிருப்பாங்கன்னு தோணலையா உங்களுக்கு?"

"தோணுச்சு சார். அதோட விட்டுருப்பேன். ஆனா இப்ப அந்தக் கெணத்துல சென்சார் போட்டிருக்கோம். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை அதுவா அனுப்புது. அதுவும் நாலு மாசமா சராசரியைத்தான் அனுப்புது. மெஷின் எங்க சார் குந்தும்?"

பிஸ்கட் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு நான் அவருக்குச் சொன்னதை, விட்டுப்போனதையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

நான் ஐயம்பேட்டைக்காரன். பள்ளிப் படிப்பு முடிந்ததும் கள உதவியாளனாகச் சேர்ந்தேன். முதல் ஆறு வருடம் ஜீப்பின் பின்சீட்டும் வெயிலும்தான், சொல்லும்படி ஒன்றுமில்லை. கற்றுக்கொண்டது ஒரே ஒரு வேலை. கிணற்றில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளப்பது.

கேட்க எளிது. கிணற்றின் விளிம்பில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருப்போம். எப்போதும் அந்தப் புள்ளியில் வைத்துத்தான் அளக்க வேண்டும். இரும்பு டேப்பின் நுனியில் ஒரு ஈயக் குண்டு. கடைசி இரண்டு மூன்று மீட்டருக்குச் சுண்ணக்கட்டியைத் தேய்க்க வேண்டும். டேப்பை இறக்கி, புள்ளியில் ஒரு முழு எண் வரும்படி நிறுத்தி, பத்து எண்ணி, மேலே இழுக்க வேண்டும். நனைந்த இடத்தில் சுண்ணம் கறுத்திருக்கும். நனைந்த நீளத்தைக் கழித்தால் தண்ணீரின் ஆழம் கிடைக்கும். கைப்பிடிச் சுவர் இருந்தால் அதன் உயரத்தையும் கழிக்க வேண்டும். இரண்டு தடவை அளக்க வேண்டும். நான் மூன்று தடவை அளப்பேன்.

இருபதாவது வருடம் மாற்றலாகி, சொந்த ஊருக்குப் பக்கத்தில் காஞ்சிபுரத்துக்கே வந்தேன். கண் சரியில்லை என்று என்னை அட்டவணை வேலையில் உட்கார வைத்தார்கள். அங்கே அதிகாரி பார்த்தசாரதி சார், நிலவியல் படித்தவர். குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் பென்சில் சீவுவார். அவர் மேஜையில் சீவல் அதிகமாகக் கிடந்தால் அன்றைக்கு யாரும் விடுப்புக் கேட்க மாட்டோம்.

முதல் வாரமே என்னைக் கூப்பிட்டு, "சராசரின்னா என்ன?" என்று கேட்டார்.

"எல்லாத்தையும் கூட்டி, எத்தனை இருக்குதோ அத்தனையால வகுக்கறது சார்."

"அது போடற விதம். நான் கேட்டது என்னன்னு."

அவர் ஒரு மரஸ்கேலை எடுத்தார். பதினைந்தாம் கோட்டுக்கு அடியில் பென்சிலை வைத்து அதை நிறுத்தினார். "இந்தப் பென்சில்தான் சராசரி" என்றார். அந்த மாத அளவுகளை நான் படிக்கப் படிக்க, சராசரியைவிட ஒரு மீட்டர் கூடின கிணற்றுக்கு வலப்பக்கம் ஒரு சென்டிமீட்டர் தள்ளி ஒரு காகிதக் கவ்வி வைத்தார். குறைந்ததற்கு இடப்பக்கம். இருபத்திரண்டு கவ்விகள். ஸ்கேல் ஆடி ஆடி, கடைசியில் நின்றது.

"கூடினதெல்லாம் ஒரு பக்கம், குறைஞ்சதெல்லாம் ஒரு பக்கம். ரெண்டும் அடிச்சுக்கிட்டுப் பூஜ்ஜியம் ஆகணும். ஆகலைன்னா நீங்க போட்ட சராசரி தப்பு" என்றார். அன்றிலிருந்து அட்டவணையில் வித்தியாசத்துக்கு ஒரு கட்டம் சேர்த்தார்.

அன்றைக்கே ஒன்று கண்ணில் பட்டது. ஒரு கவ்வியை மட்டும் அவர் நேராகப் பென்சிலுக்கு மேலே வைத்தார். பதினேழு. அது எந்தப் பக்கமும் சாய்க்கவில்லை. எடுத்தாலும் ஸ்கேல் அசைந்திருக்காது. அப்போது அதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

அந்த வருடம் சித்திரையில் ஒரு கோப்பு வந்தது. முசரவாக்கத்தைத் தாண்டிய ஒரு ஊரில், தண்ணீரைக் கேனில் அடைத்து விற்க ஒருவர் ஆறு ஆழ்துளைக் கிணறு போட அனுமதி கேட்டிருந்தார். அந்த இடத்துக்கு இருநூறு அடியில் ஒரு காலனி. நாற்பத்து மூன்று வீடு, ஒரே ஒரு அடிபம்பு. ஆறு மோட்டார் ஓடினால் அடிபம்பில் காற்றுதான் வரும். எங்கள் அளவைக் கிணறுகளில் அதற்குப் பக்கத்தில் இருந்தது பதினேழு. சராசரியாக எட்டு மீட்டர் ஆழத்துக்குள் தண்ணீர் இருந்தால் அனுமதிக்கலாம் என்று கோப்பில் ஒரு எல்லை இருந்தது. பதினேழின் பழைய கணக்கை எடுத்து வித்தியாசம் போடச் சொன்னார் சார்.

மூன்று நாள் போட்டேன். பூஜ்ஜியம், பூஜ்ஜியம், பூஜ்ஜியம். மழை பெய்த மாதமும் பூஜ்ஜியம், ஏரி வெடித்துக் கிடந்த மாதமும் பூஜ்ஜியம். நூற்று முப்பத்திரண்டு மாதத்தில் நூற்று முப்பத்தொரு பூஜ்ஜியம். மற்ற கிணறுகள் என்ன செய்கின்றன என்பதை அந்தக் கிணறு மண்ணுக்கடியில் கேட்டுக்கொண்டிருப்பதுபோல எனக்கு ஒரு எண்ணம் வந்தது.

முதல் மாதம் மட்டும் பூஜ்ஜியம் இல்லை. 6.30 என்று இருந்தது. அந்த மாதம் மற்ற இருபத்தொரு கிணறுகளின் கூட்டுத்தொகை 138.60. இருபத்தொன்றால் வகுத்தால் 6.60 வர வேண்டும். இருபத்திரண்டால் வகுத்தால்தான் 6.30. எழுதியவர் இருபத்தொன்றைக் கூட்டிவிட்டு இருபத்திரண்டால் வகுத்திருக்கிறார். ஒன்றை எண்ணிக்கையில் சேர்த்திருக்கிறார், ஆனால் அது கூட்டுத்தொகையில் இல்லை. அடுத்த மாதத்திலிருந்து அந்தத் தவறு இல்லை.

எழுதியவர் முனுசாமி அண்ணன். ஐம்பத்தாறு வயது, ஓய்வுக்குப் பதினாலு மாதம். மரியாதையான மனிதர். அதே காலனிக்காரர். அந்த வாரம் கண் அறுவை செய்துகொண்டு வீட்டில் இருந்தார். அவருடைய சுற்றுக்கு என்னையே போகச் சொன்னார் சார்.

பதினேழை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். மற்ற இருபத்தொன்றையும் அளந்து, ஜீப்பிலேயே கூட்டி வகுத்தேன். 6.84. அந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு போனேன். அதுதான் நான் செய்த தவறு.

உச்சி வெயில். டிரைவர் சாலையிலேயே நின்றுகொண்டார். காலனி முனையில் ஒரு அம்மா தனியாக அடிபம்பு அடித்துக்கொண்டிருந்தார். நின்று எண்ணினேன். ஒரு குடம் நிறைய எழுபத்தெட்டு அடி. அதைத் தாண்டிப் புளியமரம், அதற்கு நாற்பது அடி தள்ளிக் கிணறு. கைப்பிடிச் சுவர் சரிந்து தரையோடு தரையாக இருந்தது. கழிக்க ஒன்றுமில்லை. சிவப்புப் புள்ளியைத் தேடினேன். மங்கின தடம்கூட இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தால் சுவரில் வளர்ந்த அரசங்கிளைகள், அதற்குக் கீழே இருட்டு. இவ்வளவு மரம் இருந்தும் ஒரு குருவிச் சத்தம் இல்லை.

சுண்ணம் தேய்த்து எட்டு மீட்டருக்கு இறக்கினேன். பத்து எண்ணினேன். இழுத்தேன். 6.84-க்குக் கீழே சுண்ணம் இல்லை. கோடு போட்டதுபோல இருந்தது.

விரலால் தொட்டேன். காய்ந்திருந்தது.

நனையாமல் சுண்ணம் எப்படிப் போகும்? மறுபடி தேய்த்து இறக்கினேன். மறுபடி அங்கேதான் துடைத்திருந்தது. யாரோ கீழே டேப்பைப் பிடித்து, அந்த எண் வரைக்கும் பொறுமையாகத் துடைத்து அனுப்பியதுபோல. பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். 6.84 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் நூற்று முப்பத்து மூன்றாவது மாதமும் முடிந்திருக்கும்.

மூன்று தடவை அளக்கும் பழக்கம்தான் தடுத்தது. மூன்றாவது தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கோடு ஏதும் இல்லை. ஆறரையிலிருந்து ஏழு வரை ஒரு தேய்ப்பு, அதற்குக் கீழே ஆங்காங்கே கீறல். சுவரின் வேரில் உரசியிருக்கிறது. அதில் கோடு போட்டது என் கண். எந்த எண்ணைத் தேடிப் போனேனோ அதைப் பார்த்தேன். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன்.

டேப்பை முழுதும் விட்டேன். ஒன்பது, பத்து, பன்னிரண்டு. 14.10-ல் ஈயக் குண்டு சருகில் உட்கார்ந்தது. தண்ணீர் இல்லை. அளவை வாய்விட்டுச் சொல்வது எங்கள் வழக்கம். "பதினாலு பத்து" என்றேன். "பத்து" என்று மட்டும் கிணறு திருப்பிச் சொன்னது. நான் சொன்னதைவிடக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னது.

திரும்பினால் புளியமரத்தடியில் அந்த அம்மா, இடுப்பில் குடத்தோடு.

"சார் புதுசா? கெணத்தாண்டயே போயிட்டீங்களே."

"ஏம்மா, அளக்கறவரு போக மாட்டாரா?"

"எங்கூட்டுக்காரு தான் அளக்கறவரு. அவரு இந்த மரத்தைத் தாண்ட மாட்டாரு. இங்கியே குந்திக்கினு இந்தக் கல்லுல என்னாவோ கணக்குப் போடுவாரு, அழிப்பாரு. தப்பா வந்தா மறுக்கா போடுவாரு. நானும் பம்பாண்ட நின்னுக்கினு பாப்பேன். கூப்பிட மாட்டேன்."

மரத்தடியில் ஒரு பலகைக் கல். பதினோரு வருடச் சுண்ணம் ஊறி வெளுத்துப்போயிருந்தது. கடைசியாகப் போட்ட கணக்கு பாதி தெரிந்தது. ஒன்றின் கீழ் ஒன்றாக எண்கள். எண்ணினேன். இருபத்தொன்று.

"ஏம்மா தாண்ட மாட்டாரு?"

"எங்க பெரியவன் குமாரு. தூர் வார எறங்கினான். கெட்ட காத்து. பத்தொம்போது வயசு." குடத்தை மறு இடுப்புக்கு மாற்றினார். "வா சார், வெயில்ல நிக்காத. அவரு ஊட்லதான் கீறாரு."

முனுசாமி அண்ணன் பச்சைத் துணியைக் கண்ணில் தொங்கவிட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறக்குமுன் என் கையைப் பிடித்தார். விரலில் சுண்ணம் ஒட்டியிருந்தது. அதைத் தடவிப் பார்த்தார்.

"போனியா?"

"போனேன் அண்ணே."

"எட்டிப் பாத்தியா? தண்ணி இருக்குது இல்ல?"

நான் கையை இழுத்து, விரலை வேட்டியில் துடைத்தேன்.

"தண்ணி இருக்குதுன்னு சொல்லுப்பா. எழுத்துல தண்ணி இருக்கிற வரைக்கும் கெணத்தோட அடி தெரியாது. நான் யாருக்கு என்னா கெடுதல் பண்ணேன்? நீயே கணக்குத் தெரிஞ்சவன். சராசரியைப் போட்டா சராசரி மாறுதா?"

"மாறலை அண்ணே."

"அதான். எவனுக்கும் ஒண்ணும் ஆவலை. ஒரு நாளைக்காவது ஒரு சென்டி கூட எழுதியிருப்பேனா?"

அவர் மனைவி சரோஜா அம்மா குடத்தை இறக்கிவைத்தார். "எழுவத்தெட்டு அடி அடிச்சேன் இந்தக் குடத்துக்கு. மோட்டாரு வந்தா நூறு அடிச்சாலும் வராதாம். நாப்பத்தி மூணு வூட்டுக்கும் அதான் கதி. நீ தண்ணி இருக்குதுன்னு எழுது, நாங்க உன் எழுத்தை மொண்டு குடிக்கறோம்."

அண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் 14.10 என்று எழுதினால் பதினோரு வருடப் பொய்க்காக அவர் வேலை போகும். 6.84 என்று எழுதினால் காலனியின் தண்ணீர் போகும். திங்கட்கிழமை கோப்பு போயாக வேண்டும். ஞாயிறு முழுதும் வீட்டில் எதை எதையோ எண்ணிக்கொண்டிருந்தேன். கூரை ஓடுகளை இரண்டு தடவை எண்ணியும் ஒரே எண் வரவில்லை.

திங்கள் காலை பார்த்தசாரதி சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பென்சில் சீவவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. ஸ்கேலை எடுத்துக் கவ்விகளை அடுக்கினார். பென்சிலுக்கு மேல் இருந்த கவ்வியை எடுத்து, வலது பக்கம் ஏழு சென்டிமீட்டர் தள்ளி வைத்தார். ஸ்கேல் டக்கென்று விழுந்தது. பென்சிலை நகர்த்தி நகர்த்தி நிறுத்தினார். மிகக் கொஞ்சம்தான் நகர்த்த வேண்டியிருந்தது.

"புதுச் சராசரி எவ்வளவு?"

"7.17 சார்."

"எட்டுக்குள்ளதான் இருக்கு. நீங்க உண்மையை எழுதினாலும் அனுமதி கிடைச்சுடும், பாத்தீங்களா? ஒரு கிணறு செத்துக் கிடக்கு. சராசரிக்கு முப்பத்திமூணு சென்டிமீட்டர்தான் வலிக்குது." கவ்விகளைப் பெட்டியில் போட்டார். "அப்ப சராசரியை அனுப்பக் கூடாது. பதினேழைத் தனியா அனுப்பணும். அதுக்கு அளந்தவர் கையெழுத்து வேணும். உங்களோடது வேண்டாம், முனுசாமியோடது. கோப்பு வெள்ளிக்கிழமை வரைக்கும் எங்கிட்டயே இருக்கட்டும்."

வியாழக்கிழமை முனுசாமி அண்ணனைக் கிணற்றுக்கு அழைத்துப்போனேன். புளியமரம் வரை நன்றாக நடந்து வந்தார். அதற்கப்புறம் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்த நாற்பது அடியைக் கடப்பதற்குள் நூற்றுப்பத்து வரை எண்ணிவிட்டேன். விளிம்பில் மண்டியிட்டு, ஒரு கண்ணைத் துணி மறைக்க, தானே சுண்ணம் தேய்த்தார். பழகின கை. டேப் இறங்கியது.

"தொட்டுச்சு" என்றார்.

இழுக்கவில்லை. நான் நாற்பது வரை எண்ணினேன்.

"இழுங்க அண்ணே."

"இரு. புடிச்சிக்கினு இருக்கான்."

வேரில் மாட்டியிருக்கும் என்று சொல்லி நானும் டேப்பைப் பிடித்தேன். இறுக்கமாக இருந்தது. ஆனால் வேரில் மாட்டினால் வெட்டி வெட்டி இழுக்கும். இது ஒரே சீராக, அளவாக, நாங்கள் இழுக்கிற அளவுக்கே இழுத்தது. பிறகு சட்டென்று விட்டது. மேலே வந்த டேப்பில் ஈயக் குண்டு இல்லை. வளையம் நெளியவில்லை, கொக்கி உடையவில்லை. கழற்றினதுபோல இருந்தது.

முனுசாமி அண்ணன் அந்த வெறும் கொக்கியை வெகுநேரம் விரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு புத்தகத்தைக் கேட்டு வாங்கி, "17 - 14.10 - தண்ணீர் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பழைய பக்கங்களைத் திருப்பி, நூற்று முப்பத்திரண்டு எண்களையும் ஒவ்வொன்றாகக் கோடிட்டு, பக்கத்தில் "அளக்கவில்லை" என்று எழுதினார். (கணினியில் ஏற்றியவர்கள் எண்களை மட்டும்தான் ஏற்றியிருக்கிறார்கள்.) முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. மரத்தடிக் கல்லில் உட்கார்ந்துதான் எழுதினார்.

ஆறு ஆழ்துளைக்கும் அனுமதி மறுக்கப்பட்டது. அண்ணனுக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது, ஊதிய உயர்வை நிறுத்தினார்கள், வேலை போகவில்லை. பதினாலு மாதமும் பதினேழைத் தானே அளந்தார். காலனிக்குக் குழாய்த் தண்ணீர் வரும்வரை அடிபம்பு ஓடியது. பின்னால் வந்த பெருமழைகளில் கிணற்றிலும் தண்ணீர் ஏறியது.

நித்யா வந்தபோது அண்ணன் இறந்து நாலு மாதமும் சில நாட்களும் ஆகியிருந்தன. சாவுக்குப் போயிருந்தேன். கண்ணீர் அஞ்சலித் தாள் அடிக்கிறவர் பெயர் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

"பசங்க எத்தினி பேருமா?"

"நாலு" என்றார் சரோஜா அம்மா. "மூணு பேரு இங்க கீறாங்க."

இதையெல்லாம் நித்யாவிடம் சொன்னபோது அவர் அந்த நாலு மாதத்தைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. "நீங்க போய் எட்டிப் பாருங்கம்மா, அவ்வளவுதான்" என்றேன்.

மறுநாள் பதினொன்று பத்துக்கு அங்கிருந்தே போன் செய்தார்.

"சார், கண்டுபிடிச்சுட்டோம். சிக்னல் வரலைன்னா சாஃப்ட்வேரே மத்த கெணத்து சராசரியை எடுத்துப் போட்டுக்கும். செட்டிங் அப்படி இருக்குது. நாலு மாசமா சிக்னலே இல்ல."

"அப்பாடா" என்றேன். நிஜமாகவே மூச்சு வந்தது. மெஷினும் மரத்தடியில்தான் உட்கார்ந்திருந்திருக்கிறது.

"ஆனா சார், கேபிளை மேல இழுத்தோம். நுனியில சென்சாரைக் காணோம். அறுந்த மாதிரி இல்ல சார், யாரோ பொறுமையா கழட்டின மாதிரி இருக்குது. கேபிள் சரியா எத்தனை மீட்டர் தெரியுமா..."

"வேண்டாம்மா" என்றேன். எழுபத்திரண்டு வயதில், ஒரு எண்ணைக் கேட்க வேண்டாம் என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

போனில் காற்றுச் சத்தம் கேட்டது.

"அப்ப இதை லிஸ்ட்லேர்ந்து எடுத்துடட்டுமா சார்? சராசரிக்கு எத்தனையால வகுக்கறது?"

"இருபத்தொண்ணால வகுங்க" என்றேன். "லிஸ்ட்ல இருபத்தி ரெண்டு இருக்கட்டும்."